ருக்ஷானா பதிந்த நிறம்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் என் மருந்துக்கடைக்கும் சர்புதீன் பாயின் ரத்தப் பரிசோதனை லேபுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் ருக்ஷானா. வயது நாற்பத்தேழு. வருகிறவரின் பெயர், வயது, ஊர், டாக்டர் எழுதிக் கொடுத்த சோதனை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, முடிவு வந்ததும் தாளில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஊசி குத்துவதும் மிஷினில் வைப்பதும் மற்றவர்கள். ஆனாலும் ஜனங்கள் அதை 'ருக்ஷானா லேப்' என்றுதான் சொல்வார்கள். சர்புதீன் பாய்க்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "என்னப் பத்தி இன்னா இருக்குது எழுத?" என்று கேட்டாள்.

"நீ செஞ்ச தப்ப எழுதப் போறேன்."

"அப்ப எழுதுங்க. ஆனா கொறைக்காம எழுதுங்க அரங்கநாதண்ணா."

இப்படிப்பட்ட பெண்பிள்ளையிடம் என்ன சொல்வது? குறைக்காமல்தான் எழுதுகிறேன்.

முதலில் அவளுடைய வேலைச் சுத்தத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கிருந்துதான் வந்தது. நம் பக்கத்து ஜனங்களிடம் வயதைக் கேட்டால், "போடும்மா, அம்பதோ அறுவதோ" என்பார்கள். வேறு லேபாக இருந்தால் ஐம்பத்தைந்து என்று போட்டு அனுப்பிவிடுவான். ருக்ஷானா விடமாட்டாள். "மூத்த பொண்ணுக்கு வயசு இன்னா? அது பொறக்கசொல்லோ உங்களுக்குக் கல்யாணமாயி எத்தினி வருசம்?" என்று குடைந்து குடைந்து, கடைசியில் ஐம்பத்தேழு என்று கண்டுபிடித்த பிறகுதான் எழுதுவாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "வயசு தப்பாப் போச்சின்னா கணக்கே தப்பாப் பூடும்" என்பாள். சொன்னது உண்மைதான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷம் சர்புதீன் பாய் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கி வந்தார். யாரோ வெளிநாட்டில் செய்ததை யாரோ மலிவாக விற்றார்கள். சிறுநீரகச் சோதனை என்றால் முன்பெல்லாம் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு எண் மட்டும் வரும். புதுப் புரோகிராம் அந்த எண்ணையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துக் கணக்குப் போட்டு, சிறுநீரகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவது போல் மார்க் போட்டுவிடும். அறுபதுக்கு மேல் இருந்தால் பயமில்லை. முப்பதுக்குக் கீழே போனால் பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். டாக்டர்களுக்கு வசதியாகப் போயிற்று. தாளைத் தூக்கிப் பார்த்து, முப்பதா முப்பத்தைந்தா என்று பார்த்தால் முடிந்தது.

அந்தப் புரோகிராமில் வயதுக்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. ஆள் எந்த இனம் என்று கேட்டது. இரண்டே பதில்கள்: கறுப்பு, மற்றவர். எதையும் போடாமல் விட்டால் தாள் அச்சாகாது. புரோகிராமைப் போட்டுக் கொடுக்க வந்த ஆள், "எதையாச்சும் போடுங்க மேடம், அது ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான்.

எதையாவது போடுவது ருக்ஷானாவுக்கு வராது. மிஷின் கேட்கிறது என்றால் காரணம் இருக்கும் என்று நம்பினாள். மனிதரின் நிறத்துக்கும் ரத்தத்துக்கும் ஏதோ சம்பந்தம் வைத்துப் படித்தவர்கள் கேட்கிறார்கள், நாம் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

இங்கே அவள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ருக்ஷானா கறுப்பு. அவள் அத்தா, அக்கா, தங்கை எல்லாம் நல்ல சிவப்பு. இவளுக்கு மாப்பிள்ளை பார்த்த ஒன்பது வருஷமும் தரகர் கொண்டுபோன தாளில் 'நிறம்: மாநிறம்' என்றே எழுதியிருந்தார். நம் ஊர்க் கல்யாணத் தாள்களைப் பார்த்தால் தெரியும், கறுப்பு என்று ஒரு பெண்கூட இருக்கமாட்டாள். எல்லாரும் மாநிறம். கொஞ்சம் துணிந்தவர்கள் புதுநிறம் என்பார்கள். தாளை நம்பி வந்த ஐந்து வீட்டார் பெண்ணை நேரில் பார்த்ததும் டீயைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். ஆறாவது முறை அவளே தரகரைக் கூப்பிட்டு, "கறுப்புன்னே எழுதுங்க. வர்றவங்க தெரிஞ்சே வரட்டும்" என்றாள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் பாத்திரக்கடை உமர் பாரூக். இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

நிறத்தை மாற்றி எழுதுவது பொய், பொய்யால் வந்த வினையை அனுபவித்தவள் அவள். அதனால் லேபில் அந்தக் கட்டத்தை நேர்மையாக நிரப்பினாள். எப்படித் தெரியுமா? வெயிலில் கறுத்தது வேறு, பிறவிக் கறுப்பு வேறு என்று பிரித்துப் பார்ப்பாள். "முழங்கைய உள்பக்கமா காட்டுங்க" என்பாள். எப்படியும் ஊசி குத்துகிற இடம்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்பக்கமும் கறுப்பாக இருந்தால் கறுப்பு. இல்லையென்றால் மற்றவர். கரும்பு வெட்டுகிறவர்கள், சாலை வேலை செய்கிறவர்கள், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் என்று முக்கால்வாசிப் பேர் கறுப்பில் விழுந்தார்கள். அவளுக்கு அவளே சோதனை எடுத்துக்கொண்டபோதும் கறுப்பு என்றுதான் போட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தாள். கல்யாணமாகாத பெண் வந்தால் எத்தனை கறுப்பாக இருந்தாலும் 'மற்றவர்' என்றே போடுவாள். நாளைக்கு இந்தத் தாள் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று பயம். "அந்தப் பொய்ய அல்லா மன்னிச்சிடுவான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அப்போது எதைப் பற்றிச் சொல்கிறாள் என்றே எனக்கு விளங்கவில்லை.

இப்படி ஆறு வருஷம் ஓடியது.

இனி கொளஞ்சியப்பன். தியாகதுருகத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, சொந்தமாகக் காணி நிலமில்லை, கூலி வேலை. பத்து வருஷமாகச் சர்க்கரை. இடுப்பு வலி என்று மாதம் இரண்டு தடவை என் கடைக்கு வந்து வலி மாத்திரை வாங்குவார். நானும் கொடுப்பேன். சீட்டு இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு கால் வீங்கியது என்று டாக்டரிடம் போய், லேபில் சோதனை எடுத்தார். முப்பத்துநாலு வந்தது. "முப்பதுக்குக் கீழ போச்சின்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அதுவரைக்கும் நான் எழுதிக் குடுக்குற மாத்திரைய சாப்புடு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து முப்பது என்பது கொளஞ்சியப்பனுக்கு ஓர் எல்லைக்கல் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை தாள் வாங்கும்போதும் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பார். படிப்பு வாசனை இல்லாத மனுஷர், அந்த எண்ணை மட்டும் தப்பில்லாமல் படிப்பார்.

போன தை மாதம் ருக்ஷானா திருக்கோவிலூரில் நாத்தனார் மகள் நிக்காஹுக்குப் போயிருந்தாள். லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த செவ்வந்தி என்ற பெண்தான் நான்கு நாளும் பதிவு பார்த்தாள். கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. கட்டம் வந்ததும் எண்டரைத் தட்டுவாள். தட்டினால் தானாக 'மற்றவர்' விழும். அப்போது வந்த கொளஞ்சியப்பனின் தாளில் இருபத்தைந்து என்று அச்சாகியிருந்தது.

அந்தத் தாளோடு அப்போதே டாக்டரிடம் ஓடினார். டாக்டரும் சந்தேகப்பட்டு, திடீரென்று இவ்வளவு இறங்காதே, அடுத்த வாரம் இன்னொரு தடவை எடு என்றார். அடுத்த வாரம் ருக்ஷானா வந்துவிட்டாள். முழங்கையைப் பார்த்தாள், வழக்கம்போல் போட்டாள். முப்பத்தொன்று.

"பொழச்சிக்கினேன் மொதலாளி!" என்று நேராக என் கடைக்கு வந்தார் கொளஞ்சியப்பன். "மொதல்ல எடுத்தது தப்பாம். டாக்டரே சொல்லிட்டாரு. முப்பத்தொண்ணு!" முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற வேலைக்கு ஒரு மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், இப்போது நிம்மதியாகப் போவேன் என்றும் சொன்னார். மலையில் கடை கண்ணி இல்லை என்று வலி மாத்திரை மூன்று அட்டை வாங்கிக்கொண்டார். அட்டையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தவன் நான்.

செவ்வந்தி மேல் தப்பு என்று பேச்சு வந்துவிட்டதால் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "நான் சரியாத்தான் போட்டேன் அக்கா" என்றாள். ருக்ஷானா யாரையும் சமாதானப்படுத்தத் தெரியாதவள்; சரிபார்க்கத் தெரிந்தவள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கிரியேட்டினின் இரண்டிலும் ஒன்றே, இரண்டு புள்ளி ஆறு. வயது ஒன்றே. ஆள் ஒன்றே. மார்க் மட்டும் ஆறு வித்தியாசம். ஒவ்வொரு கட்டமாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் கறுப்பை எடுத்துவிட்டு மற்றவர் என்று போட்டாள். முப்பத்தொன்று இருபத்தைந்தாக இறங்கியது. திரும்பக் கறுப்பு போட்டாள். முப்பத்தொன்று.

செவ்வந்தி தன் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். அந்தக் கணக்கை அமெரிக்காவில் செய்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற ஆப்பிரிக்க வம்சத்து ஆட்களுக்கு மட்டும் என்று சொல்லி, வருகிற மார்க்கை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்திப் போடும்படி வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போதாததற்கு அங்கேயே பல பேர் அது தப்பு என்று சண்டை போட்டு, இப்போது அதை எடுத்துவிட்டுப் புதுக் கணக்கு வந்துவிட்டது. நம் துருகம் சாலைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

ருக்ஷானா எழுந்து என் கடைக்கு வந்தாள். அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"அண்ணா, எதையாச்சும் போடுன்னான். செவ்வந்தியாட்டம் எண்டரத் தட்டியிருந்தாலே சரியாப் போயிருக்கும். நான் பாத்துப் பாத்து போட்டு கெடுத்துட்டேன்."

எனக்கும் அதுதான் வயிற்றெரிச்சல். சோம்பேறி சரியாகச் செய்து, சிரத்தையுள்ளவள் தப்பாகச் செய்கிற வேலையும் உலகத்தில் இருக்கிறது. கல்யாணமாகாத பெண்களுக்கு அவள் சொன்ன பொய்தான் சரியான கணக்கு. மற்றவர்களுக்குச் சொன்ன நிஜமெல்லாம் தப்பு.

சர்புதீன் பாய்க்கு விஷயம் போனது. நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். புரோகிராமை இன்றே மாற்றிவிடலாம், பழசைக் கிளற வேண்டாம் என்றார். ருக்ஷானா ஒப்புக்கொள்ளவில்லை. முப்பதுக்கு மேல் என்று லேபில் எழுதிக் கொடுத்து, நிஜத்தில் முப்பதுக்குக் கீழே இருக்கிறவர்கள் யார் யார் என்று அவளும் செவ்வந்தியும் அலசி எடுத்தார்கள். இருபத்தாறு பேர்.

"சரி, போன் பண்ணி சொல்லிடலாம். மெஷினு கோளாறுன்னு சொல்லு. உன் பேரு எதுக்கு நடுவுல?" என்றார் பாய்.

"மெஷினு இன்னா பண்ணிச்சு பாய்? நான் போட்டத அது கூட்டிச்சு. நான்தானே போட்டேன்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இருபத்தாறு பேருக்கும் காசு வாங்காமல் மறுபடி சோதனை எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதை நான் இங்கே எழுதாவிட்டால் அநியாயம்.

போன் போட்டுச் சொன்னார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் மறுநாளே ஓடிவந்தார்கள். இரண்டு வீட்டில், அவர் போய்ச் சேர்ந்து நாளாயிற்றே என்றார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் ருக்ஷானா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொளஞ்சியப்பன் போன் மட்டும் எடுக்கவேயில்லை. தியாகதுருகத்தில் அவர் மனைவி ராஜாம்பாளைப் பிடித்ததில், "மலைமேல டவர் கெடைக்காதுங்க. இன்னும் மூணு வாரம் ஆவும் வர" என்றாள். மூன்று வாரம், பத்து மாத்திரை கொண்ட அட்டை மூன்று. இருபத்தைந்தில் இருக்கிற சிறுநீரகத்துக்கு அந்த வலி மாத்திரை விஷம் மாதிரி. சர்க்கரைக்குச் சாப்பிடுகிற மாத்திரையும் ஆகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், படித்துத்தான் கடை வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ருக்ஷானா வெள்ளிமலைக்குக் கிளம்பினாள். நானும் போனேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு உறுத்தியது. உமர் பாரூக் பஸ் நிலையம்வரை வந்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "ரெண்டு பேரும் பதறாம பேசுங்க. பயமுறுத்திடாதீங்க" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறியது. ருக்ஷானாவுக்கு வளைவுகளில் தலை சுற்றும். கண்ணை மூடி மடியில் இருந்த பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிமலையில் இறங்கி, ஒரு ஜீப்பில் தொற்றி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. சரிவான கொல்லையில் ஏழெட்டுப் பேர் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியப்பன் எங்களைப் பார்த்ததும் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா மொதலாளி, கடைய உட்டுட்டு மலைக்கு? லேப்பு பாயம்மா வேற வந்துக்கிறாங்க."

ருக்ஷானா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, உங்களுக்கு முப்பத்தொண்ணு இல்ல. இருவத்தஞ்சு. நான் தப்பாப் போட்டுட்டேன். இப்ப மட்டுமில்ல, ரெண்டு வருசமா."

அவர் சிரிப்பு நின்றது. "டாக்டரே பாத்து சொல்லிட்டாரு. நீ இன்னா புச்சா வந்து சொல்றே?"

அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். நிறத்தைக் கேட்கிற கட்டம், அவள் முழங்கையைப் பார்த்தது, கறுப்பு என்று போட்டால் மார்க் ஏறுவது. அவர் கிழங்குக் குவியல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"கறுப்பா இருந்தா கிட்னி நல்லா வேல செய்யும்னு எந்த மவராசன் சொன்னான்?" என்றார். "அப்பிடின்னா எங்க தெருவுல ஒருத்தனுக்கும் ஒண்ணியும் வரக் கூடாதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சந்தேகம் இன்னும் போகவில்லை அவருக்கு. முப்பத்தொன்று என்ற எண்ணைப் பறிகொடுக்க மனசில்லை. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லி இழுக்கிறார்கள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிடுவார்கள், கூலி போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "நான் நல்லாத்தான் இருக்கேன். வேல செய்றேன் பாரு" என்று எழுந்தார்.

ருக்ஷானா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். அவளுடையது; பழைய மார்க்குக்குப் பக்கத்தில் சரியான மார்க்கையும் எழுதி வைத்திருந்தாள்.

"இது எனக்கு எடுத்தது. அறுவத்திநாலுன்னு வந்திச்சு. அறுவதுக்கு மேலன்னு நானும் நிம்மதியா இருந்தேன். நெசக் கணக்கு அம்பத்திமூணு. எனக்கும் சர்க்கர இருக்குது. நானும் பெரிய டாக்டரத்தான் பாக்கணும்."

அவர் தாளை வாங்கினார். வேறு எதையும் படிக்கத் தெரியாதவர் இரண்டு எண்ணையும் நிதானமாகப் படித்தார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னையும் கறுப்புன்னா போட்டுக்கினே?"

"கறுப்புதானே. வேற இன்னான்னு போடுவேன்?"

கொளஞ்சியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மேஸ்திரியிடம் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது கையில் துணிப்பை இருந்தது. மாத்திரை அட்டைகளை அதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். ஒன்று முழுசாகக் காலி, இரண்டாவதில் பாதி இருந்தது, மூன்றாவதைப் பிரிக்கவேயில்லை. நான் வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இறங்குகிற பஸ்ஸில் மூன்று பேரும் புளிச்சோறு சாப்பிட்டோம்.

அந்த வாரமே சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ருக்ஷானாவும் தனக்கு ஒரு சீட்டுப் போட்டுக்கொண்டாள். சிறுநீரக டாக்டர் ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும். கொளஞ்சியப்பனின் பழைய தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். மார்க்கை அவர் பார்க்கவேயில்லை. கிரியேட்டினினைப் பார்த்து மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணுமே பெரியவரே. அப்பவே இருபத்தெட்டுதான். ஏன் வரல?"

ருக்ஷானா என் பக்கத்தில் நின்றிருந்தாள். வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டார்.

"கூலி வேலைங்கம்மா. நாளைக்கிப் போலாம், நாளைக்கிப் போலாம்னு தள்ளிக்கினே பூட்டேன். என் தப்புதாங்க."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர்" என்றாள் ருக்ஷானா. "அவரு மேல தப்பில்ல. எங்க லேப்புல முப்பத்துநாலுன்னு எழுதிக் குடுத்தது நான்." குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், முழங்கையைப் பார்த்தது உட்பட.

டாக்டரம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை. "நான் படிக்கறப்ப எங்களுக்கும் அந்தக் கணக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். தோலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் கேக்கல" என்றார். மற்ற ஆட்களுக்குத் தகவல் போய்விட்டதா என்று விசாரித்தார். போய்விட்டது என்றதும் தலையை ஆட்டினார்.

பிறகு கொளஞ்சியப்பனிடம் நேராகவே சொன்னார். வலி மாத்திரை இனித் தொடவே கூடாது. சர்க்கரைக்கு ஊசி. இன்னும் ஒன்று இரண்டு வருஷத்தில் ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்ய வேண்டி வரலாம். முன்பே வந்திருந்தால் அந்த நாளைத் தள்ளிப் போட்டிருக்கலாம். இப்போதும் முடிந்தவரை தள்ளுவோம். அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா" என்றார். ருக்ஷானாவைப் பார்த்த டாக்டரம்மாள், ஐம்பத்துமூன்றைக் கட்டிக் காப்பாற்றிவிடலாம், பயப்படாதே என்றார். அதைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

சேலம் பஸ் நிலையத்தில் கள்ளக்குறிச்சி வண்டிக்குக் காத்திருந்தோம். கொளஞ்சியப்பன் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. பிறகு ருக்ஷானா பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மா முன்னாடி உன்ன உட்டுக் குடுக்க மனசு வர்ல. அதான் அப்பிடிச் சொன்னேன். ஆனா எனக்குக் கோவம் இருக்குதும்மா. ரெண்டு வருசம் பூடுச்சி."

"இருக்கட்டும்ண்ணா. கோவம் இருக்கத்தான் செய்யும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டாள்.

"உம்மேலயும்தான் மொதலாளி" என்றார் என்னிடம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டி வந்தது. ருக்ஷானா முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு வரிசை தள்ளிப் பின்னால். ஆத்தூர் தாண்டும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். டாக்டரம்மாள் எழுதிக் கொடுத்த சீட்டை அவளிடம் நீட்டினார்.

"பத்தாந்தேதி திரும்ப வரச் சொல்லிக்கிறாங்க. நீயும் வந்துடு. அவுங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல. நீன்னா கரெக்டா கேட்டு எழுதிக்குவே."